மின்தடைக்குப் பிறகு ஸ்மார்ட் ஹோம் ஹப்பில் சாதன அமைப்புகள் அழிந்துவிட்டன. எல்லாவற்றையும் புதிதாக இணைக்காமல் மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் எதையும் தொடங்குவதற்கு முன், ஹப்பின் (வீட்டின் ஸ்மார்ட் சாதனங்களை இணைத்து இயக்கும் மையப் பெட்டியின்) ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள்; பட்டியலில் மங்கி நிற்கும் சாதனம் எதையும் நீக்காதீர்கள். மின்சாரம் திரும்பிய பின் சில சாதனங்கள் பட்டியலிலேயே இல்லை, சில பதிலளிக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் இதே நிலை வந்தது. அன்று பாதிப் பகல் கழிந்தது, மின்தடை கெடுத்ததைச் சரிசெய்வதில் அல்ல, பதற்றத்தில் நானே கெடுத்ததைச் சரிசெய்வதில்.

சாதன அமைப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு இடங்களில் இருக்கிறது. சாதனங்களின் பெயர்கள், அறைகள், ஆட்டோமேஷன் விதிகள் ஆகியவை ஹப்பின் மெமரி கார்டிலோ, தயாரிப்பாளரின் சர்வரிலோ இருக்கும். ரேடியோ வலையமைப்பின் அடையாளம் அதிலிருந்து வேறானது. இத்தகைய சாதனங்கள் பேசிக்கொள்ளும் ரேடியோ முறைகளில் ஒன்றான ஜிக்பீயில் அது 128 பிட் ரகசியச் சாவி, வலையமைப்பு எண், 11 முதல் 26 வரையிலான சேனல்களில் ஒன்று ஆகியவற்றைக் கொண்டது, அவை ஹப்பின் ரேடியோ சிப்பில் பதிந்திருக்கும். அதே சாவியின் நகல் ஒவ்வொரு விளக்கிலும் சென்சாரிலும் உள்ளது. எனவே பெயர்கள் மட்டும் போயிருந்தால் சாதனங்கள் இன்னும் உங்கள் வலையமைப்பில்தான் இருக்கின்றன, ஹப்புக்குத்தான் அவற்றை அடையாளம் தெரியவில்லை. உங்களுக்கு எது போயிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்.

என் வீட்டில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற ஹப் மென்பொருள், ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியில் ஓடுகிறது. ஜிக்பீ சாதனங்களை, ரேடியோ சிப் உள்ள ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கின் வழியாக ஜிக்பீ2எம்க்யூடிடி என்ற துணை மென்பொருள் கவனித்துக்கொள்கிறது. மின்தடையில் மெமரி கார்டு பழுதானது, ஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறொரு கணினியில் நான்கு மாதப் பழைய பேக்கப் (காப்பு நகல்) இருந்ததால் புதிய கார்டில் அதை மீட்டேன். பட்டியல் திரும்பியது, ஆனால் மூன்று கதவு சென்சார்கள் இணைப்பில் இல்லை என்று காட்டின. இறந்துவிட்டன என்று முடிவுகட்டி மூன்றையும் கட்டாயமாக நீக்கினேன். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டிருப்பவை, ஏதாவது நடந்தால்தான் பேசும் என்பது தெரியாதவன் அல்ல நான்; அன்று நினைவுக்கு வரவில்லை. நான்காவது சென்சாரும் அப்படியே மங்கித்தான் இருந்தது. தற்செயலாக அந்தக் கதவைத் திறந்தபோது திரையில் உயிர்பெற்று நின்றது.

பேக்கப் எடுத்த பின் வாங்கிய இரண்டு பல்புகளும் ஒரு நீர்க்கசிவு சென்சாரும் பட்டியலில் வரவே இல்லை. அப்போது லாக்கின் (மென்பொருள் எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவின்) அளவை, எல்லா விவரமும் காட்டும் 'டீபக்' நிலைக்கு மாற்றி வைத்துவிட்டு, கசிவு சென்சாரின் இரு உலோகப் புள்ளிகளில் ஈர விரலை வைத்தேன். அறியாத சாதனத்திலிருந்து தரவு வந்தது, தவிர்க்கப்படுகிறது என்ற பொருளில் ஒரு வரி ஓடியது. நான் தேடியது அந்த வரியைத்தான். தவறான சாவியைக் கொண்டு ஜிக்பீ செய்தி எதையும் பிரித்துப் படிக்க முடியாது என்பதால், அப்படி ஒரே ஒரு வரி வந்தாலும் வலையமைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள். அதன் பிறகு அந்த மூன்றை மட்டும் மறுபடி இணைத்தால் போதுமானதாக இருந்தது. நான் நீக்கிய மூன்றையும் சேர்த்து ஆறு.

இங்கே ஒரு பொறி உண்டு. மென்பொருளைப் புதிதாக நிறுவி, பேக்கப்பை மீட்பதற்கு முன்பே ஸ்டிக்கைச் செருகி ஓடவிட்டால், சில அமைப்புகளில் புதிய சாவியோடு புதிய வலையமைப்பு உருவாகி, நன்றாக இருந்த பழையதன் மேல் எழுதப்பட்டுவிடும். ஆகவே முதலில் பேக்கப், பிறகு ஸ்டிக்.

ஸ்டிக்கே பழுதாகியிருந்தால் ஜிக்பீ2எம்க்யூடிடியின் தரவுக் கோப்புறையில் கோஆர்டினேட்டர் பேக்கப் (ஸ்டிக்கின் காப்பு நகல்) என்று ஒரு ஜேசான் வகை உரைக் கோப்பு இருக்கிறதா பாருங்கள். சாவியும் வலையமைப்பு எண்ணும் அதில் உள்ளன. புதிய ஸ்டிக்கில் அதை ஏற்றலாம். அப்படி ஏற்றியும் எல்லாச் சாதனங்களும் மௌனமாக இருந்தால் சாவியைச் சந்தேகிப்பதற்கு முன் பிரேம் கவுண்டரைப் பாருங்கள். ஒவ்வொரு செய்தியிலும் ஏறிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. சாதனம் கடைசியாகக் கண்ட எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடக் குறைந்த எண்ணோடு வருவதை யாரோ பழைய செய்தியைத் திரும்ப அனுப்புகிறார்கள் என்று கருதி ஒதுக்கிவிடும். பழைய பேக்கப்பில் இருப்பது பழைய எண்தானே. மீட்கும்போது அதை ஒரு பெரிய தொகையால் உயர்த்தி எழுத வேண்டும். நல்ல கருவிகள் தாமாகவே செய்யும்.

பேக்கப்பும் இல்லை, சாவியும் போய்விட்டது என்றால் மறுபடி இணைப்பதைத் தவிர வழியில்லை. அப்போதும் பட்டியலில் பழைய பெயர்கள் இருந்தால் அவற்றை விட்டுவையுங்கள். ஜிக்பீ சாதனத்தின் 64 பிட் முகவரி மாறாது என்பதால், ரீசெட் செய்து இணைத்ததும் அது பெரும்பாலும் பழைய பெயரிலேயே வந்து அமரும். மின்சாரத்தில் ஓடும் பல்புகளையும் பிளக்குகளையும் முதலில், அவை நிரந்தரமாக இருக்கும் இடத்திலேயே இணைக்க வேண்டும், ஏனெனில் பேட்டரி சென்சார்களின் செய்திகளை ஹப்புக்குக் கடத்துபவை அவைதாம். புதிய கணினிக்கு மாறியவர்கள் ஸ்டிக்கை நேரடியாக யூஎஸ்பி 3 துளையில் செருகிவிட்டு, சென்சார் இணையவில்லை என்று புலம்புவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தத் துளை 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும்; ஒரு நீட்டிப்புக் கேபிள் போட்டால் தீர்ந்துவிடும்.

இன்னொரு ரேடியோ முறையான இசட்-வேவில் ஓடும் சாதனங்கள் இப்படிப் பெயரோடு திரும்புவதில்லை, ஒவ்வொரு இணைப்பிலும் புதிய எண் பெறும். ஆகவே நீக்கிச் சேர்ப்பதைவிட, பழுதான நோடை (வலையமைப்பில் உள்ள சாதனத்தை) மாற்றும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள், பழைய எண் நிலைக்கும். பல நிறுவனங்களுக்கும் பொதுவான மேட்டர் தரநிலையைப் பின்பற்றும் சாதனம் வேறொரு செயலியிலும் இணைந்திருந்தால் அங்கிருந்தே புதிய இணைப்புக் குறியீட்டை எடுக்கலாம், ரீசெட் தேவையில்லை. கடையில் வாங்கிய மூடிய ஹப் என்றால், கணக்கில் நுழைந்ததும் பெயர்கள் வந்தாலும் வலையமைப்புச் சாவியை எடுக்கப் பெரும்பாலும் வழி தருவதில்லை. புதிய ஹப்புக்கு மாறினால் ஒவ்வொன்றாக இணைக்கத்தான் வேண்டும்.

எல்லாம் திரும்பிய பின்னும் சில ஆட்டோமேஷன்கள் ஓடாமல் இருக்கலாம். ஹோம் அசிஸ்டென்டில் 'சாதனம்' என்று தேர்ந்தெடுத்து எழுதிய விதிகள், அந்தப் பதிவு உருவானபோது தரப்பட்ட உள்எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். பதிவு புதிதாக உருவானால் அந்த எண் மாறிவிடக்கூடும். 'என்டிட்டி' (சாதனத்தின் ஒவ்வோர் அளவீட்டுக்கும் சுவிட்சுக்கும் உரிய தனிப் பதிவு) பெயரைக் கொண்டு எழுதியவை, பெயர் மாறாத வரை ஓடும். நான் நீக்கிய மூன்று கதவுகளின் விதிகளும் முதல் வகை. அன்றிரவு அவற்றை இரண்டாம் வகைக்கு மாற்றி எழுதினேன். ஹோம் அசிஸ்டென்டின் 2025.1 பதிப்பிலிருந்து தானாக எடுக்கப்படும் பேக்கப்கள் இயல்பாகவே குறியாக்கம் செய்யப்படுகின்றன, அதைத் திறக்கும் சாவி எமர்ஜென்சி கிட் என்ற கோப்பில் இருக்கும். உங்களிடம் பேக்கப் இருந்தால் அந்தக் கோப்பையும் இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.