தண்டையார்பேட்டையில் வீடு, கீழ் ஹாலில் பிஎஸ்5 (சோனியின் கேம் கன்சோல்), நான் இருப்பது முதல் மாடியில். டிவி கிடைப்பதில்லை. பிளேஸ்டேஷன் போர்ட்டல் வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் கடைக்குப் போகும் முன் காசு செலவில்லாத ஒரு சோதனையை முடித்துவிடுங்கள்.

போர்ட்டல் என்பது திரையும் கன்ட்ரோலரும் சேர்ந்த கையடக்கக் கருவி. அதற்குள் எந்த கேமும் ஓடாது. கேம் ஓடுவது கீழே இருக்கும் பிஎஸ்5-இல். அதன் படம் வைஃபையில் மேலே வருகிறது, நீங்கள் அழுத்தும் பட்டன் அதே வழியில் கீழே போகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் (படம்) ஓடும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான் நேரம். வைஃபை கொஞ்சம் திணறினாலும் படம் கட்டம் கட்டமாக உடையும், பேட்டைச் சுழற்றுவதற்குள் பந்து தாண்டிவிடும். 2024 செப்டம்பரில் போர்ட்டல் இங்கே வந்தபோது 18,990 ரூபாய். அந்தக் காசுக்குக் கிடைப்பது நல்ல திரையும் கன்ட்ரோலரும். ஆட்டம் சுகமாக இருக்குமா என்பது உங்கள் ரவுட்டர் கையில்.

சோதனை இதுதான். பிஎஸ்5 செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ரிமோட் பிளே போய் ஆன் செய்யுங்கள். போனில் பிஎஸ் ரிமோட் பிளே ஆப்பைப் போட்டு அதே அக்கவுன்டில் நுழையுங்கள். டூயல்சென்ஸில் (பிஎஸ்5 கன்ட்ரோலரில்) கிரியேட் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் விளக்கு வேகமாக மின்னும்வரை சேர்த்து அழுத்தினால் போனின் ப்ளூடூத்தில் அது தெரியும். வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்திலேயே, இரவு ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். பகலில் பார்த்துப் பயனில்லை. பக்கத்து வீடுகளில் எல்லோரும் நெட்டில் இருக்கும் நேரம்தான் உண்மையைச் சொல்லும்.

நம் பக்கத்துத் தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஃபைபர் நுழையும் வாசலிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. தெருவே அதில்தான் இருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் கம்பி போட்ட கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சிக்னல் செத்துவிடும்.

முதல் வேலை, ரவுட்டரிலிருந்து பிஎஸ்5-க்கு லேன் கேபிள். இரண்டு முனையும் வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை போக வேண்டும். கேபிள் போட்டால் அந்தச் சுமை பாதியாகிறது. இது ஒன்றிலேயே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். அடுத்து, 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து, சேனலை 36 அல்லது 149 என்று நிறுத்தி, சேனல் அகலத்தை 80-இலிருந்து 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்குங்கள். வேகம் குறையும், நிதானம் கூடும்; ஸ்ட்ரீமிங்குக்கு வேண்டியது நிதானம்தான்.

அப்படியும் மாடியில் உடைந்தால், படிக்கட்டு ஓரமாக ஒரு கேட்6 கேபிளை மேலே இழுத்து, பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது வைஃபையை மட்டும் பரப்பும் கருவியாக வையுங்கள்: டிஹெச்சிபியை (ஐபி முகவரி பகிரும் வேலையை) அணைத்து, அதன் ஐபி முகவரியை மாற்றி, கேபிளை வேன் (WAN) துளையில் இல்லாமல் லேன் துளையில் சொருக வேண்டும். பிளக்கில் சொருகும் மலிவு ரிப்பீட்டர் வேண்டாம், பெரும்பாலும் வாங்கிய அதே காற்றிலேயே திருப்பி அனுப்பும். ரிச்சி தெருவில் கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். செம்பு பூசிய அலுமினியம் நாலு முறை மடக்கினால் ஒடிந்துவிடும். ராயபுரம், காசிமேடு போலக் கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றுக்கு கேபிள் முனையில் பச்சை பூக்கும். லிங்க் விட்டு விட்டு அறுந்தால் முனையை வெட்டி, புதிய பிளக்கை கிரிம்ப் செய்யுங்கள் (அழுத்திப் பொருத்துங்கள்).

இதெல்லாம் சரியானால் போர்ட்டல் அருமையான பொருள். எட்டு அங்குலத் திரை, 1080பி. டூயல்சென்ஸின் அதிர்வும் டிரிக்கர் இறுக்கமும் அப்படியே கையில் கிடைக்கும். வீட்டுக்குள் ஆடும்போது படம் ரவுட்டரோடு நின்றுவிடுவதால் டேட்டாவும் கரையாது. கதை கேம், டர்ன் முறை கேம், ரேஸிங் எல்லாம் நன்றாகவே ஓடும். ஆன்லைன் ஷூட்டிங், ஃபைட்டிங் இரண்டையும் டிவியிலேயே ஆடுங்கள்.

குறைகளில் பெரியது, பிஎஸ்5 இல்லாமல் இது ஒன்றுமே இல்லை. பிஎஸ்5 இல்லாமல் கிளவுடிலிருந்து (சோனியின் சர்வரிலிருந்து) ஆட பிஎஸ் பிளஸ் பிரீமியம் சந்தா வேண்டும். இந்தியாவில் உள்ள டீலக்ஸ் திட்டத்தில் அது கிடையாது. கரண்ட் போனால் கீழே கன்சோல் அணைந்துவிடும், கையில் இருப்பதில் எவ்வளவு சார்ஜ் இருந்தும் வீண். ப்ளூடூத் இயர்பட்ஸ் சேராது, 3.5 மிமீ வயர் ஹெட்செட் அல்லது சோனியின் பிளேஸ்டேஷன் லிங்க் ஹெட்செட்தான். வெளியே ஆட சோனி சொல்லும் அளவு குறைந்தது 5 எம்பிபிஎஸ், நன்றாக இருக்க 15. அப்போது உங்கள் வீட்டு இணைப்பின் அப்லோட் வேகத்தையும் பார்க்க வேண்டும். 15 எம்பிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 6.75 ஜிபி. கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி ஆடலாம் என்ற எண்ணத்தில் வாங்காதீர்கள். ஓடும் வண்டியில் டவர் மாறும் ஒவ்வொரு முறையும் படம் நிற்கும்.

பர்மா பஜார் பக்கம் விலை குறைத்துச் சொன்னால், இந்திய வாரண்டியும் பில்லும் உண்டா என்று முதலில் கேளுங்கள். இரண்டு ஸ்டிக்கும் கருவியோடு சேர்ந்தவை. ஒன்று தானாக நகர ஆரம்பித்தால் கன்ட்ரோலரை மட்டும் மாற்ற முடியாது, முழுக் கருவியையும் சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.