ஒரு கப் எத்தனை கிராம்?

“ஒரு கப் என்றால் எத்தனை கிராம்? எல்லாப் பொருளுக்கும் பொருந்துகிற ஒரே எண் உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு எண் கிடையாது. கப் அளப்பது பொருள் அடைக்கும் இடத்தை, தராசு காட்டுவது எடையை. இரண்டையும் இணைப்பது அந்தந்தப் பொருளின் அடர்த்தி. தண்ணீருக்கு மட்டும் கணக்கு சுலபம்: 1 மில்லி கிட்டத்தட்ட 1 கிராம்.

240 மில்லி கப்பில் தேன் சுமார் 340 கிராம் பிடிக்கும். எண்ணெய் 220, சர்க்கரை 200, மைதா 125, கோகோ பவுடர் 85. அதே கப்தான், ஆனால் தேனுக்கும் கோகோவுக்கும் நான்கு மடங்கு வித்தியாசம்.

இதில் அதிகம் ஏமாற்றுவது மைதா. மாவுத் துகள்களுக்கு நடுவே நிறைய காற்று இருக்கிறது. கரண்டியால் மெதுவாகப் போட்டு மேலே தட்டையாக வழித்தால் 125 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளினால் மாவு அமுங்கி 150 வரை போய்விடும். நான் பல மாதங்கள் அப்படித்தான் அள்ளிக்கொண்டிருந்தேன். கேக் ஒவ்வொரு முறையும் வறண்டு போகும், ஓவனில் ஏதோ கோளாறு என்றே நினைத்தேன். ஒருநாள் நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, 375 கிராம் இருக்க வேண்டிய மூன்று கப் மாவு 450ஐத் தொட்டிருந்தது. 75 கிராம் மாவு கூடுதலாக விழுந்தால் எந்த கேக்தான் மென்மையாக வரும்?

உப்பிலும் கவனம் வேண்டும். பொடி உப்பு ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். கல் உப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டியில் எடை குறையும்.

அப்புறம், கப்பின் அளவே நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் சுமார் 237 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. மேசைக்கரண்டி பெரும்பாலும் 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் மட்டும் 20. அவுன்ஸிலும் இரண்டு வகை உண்டு. எடை அவுன்ஸ் 28.35 கிராம், அமெரிக்கத் திரவ அவுன்ஸ் சுமார் 29.6 மில்லி. தண்ணீருக்கு இந்தக் குழப்பம் பெரிதாகத் தெரியாது. தேனுக்குத் தெரியும்: 8 அவுன்ஸ் எடை 227 கிராம், 8 திரவ அவுன்ஸ் என்றால் சுமார் 336 கிராம்.

அதனால் இணையத்தில் கிடைக்கும் பட்டியலை அப்படியே நம்புவதைவிட நீங்களே ஒன்று தயாரித்துக்கொள்வது நல்லது. உங்கள் கப்பை டிஜிட்டல் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். எத்தனை கிராமோ, ஏறக்குறைய அத்தனை மில்லி உங்கள் கப். பிறகு அதைத் துடைத்துக் காயவைத்து, அடிக்கடி பயன்படுத்தும் பொருள்களை நீங்கள் வழக்கமாக அள்ளுகிற மாதிரியே அள்ளி நிறுத்துங்கள். மாவை மட்டும் மூன்று முறை நிறுத்து சராசரி எடுங்கள். அந்தத் தாளை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் போதும்.

ஒரே ஒரு இடத்தில் நான் தராசை விட்டுக் கரண்டிக்கே திரும்புவேன். அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சுமார் 2 கிராம்தான். 1 கிராம் வரை மட்டுமே காட்டுகிற சமையலறைத் தராசில் அதைச் சரியாக நிறுக்க முடியாது.