நிராகரிப்புக் கடிதம் யாருடைய மின்னஞ்சலுக்குப் போனது?

கேள்வி: நான் சிட்னியில் வாழும் இலங்கைத் தமிழன். அகதியாக அடைக்கலம் கேட்டு நான் போட்ட பாதுகாப்பு விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக எனது குடிவரவு முகவர் நேற்றுத்தான் தொலைபேசியில் சொன்னார். அவருடைய மின்னஞ்சலுக்குக் கடிதம் வந்து இன்றோடு பதினாறு நாட்கள். “அவசரமில்லை, புதிய விபரங்களோடு பலமாகப் போடுவோம், முதலில் பணத்தைக் கட்டுங்கள்” என்கிறார். மீளாய்வு கேட்பதற்கான காலக்கெடு எனக்குத் தெரியவந்த நாளிலிருந்துதானே தொடங்கும்?

பதில்: இல்லை. உங்கள் சார்பில் கடிதங்களைப் பெறுபவராக விண்ணப்பப் படிவத்தில் அந்த முகவரைக் குறிப்பிட்டிருந்தால், அவருக்கு மின்னஞ்சல் அனுப்பப்பட்ட அன்றே அது உங்களிடம் சேர்ந்துவிட்டதாகச் சட்டம் கொள்கிறது. அவர் அதைத் திறந்தாரா, உங்களிடம் சொன்னாரா என்று எவரும் கேட்பதில்லை. அன்றிலிருந்து 28 நாட்களுக்குள், 2024 ஒக்டோபர் 14 முதல் இயங்கிவரும் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்தில் (ART) உங்கள் மீளாய்வு விண்ணப்பம் பதிவாக வேண்டும். இந்தக் கெடுவை நீட்டும் அதிகாரம் தீர்ப்பாயத்துக்கே கிடையாது. இன்று மாலையே இணையத்தில் விண்ணப்பித்து, நிராகரிப்புக் கடிதத்தையும் இணைத்துவிடுங்கள். பாதுகாப்பு விசா மீளாய்வுக்கு முற்பணம் எதுவும் இல்லை, தோற்றால்தான் கட்டணம். வாதங்களையும் சான்றுகளையும் பிறகு கொடுக்கலாம் என்பதால், “பலமாகப் போடுவதற்காக” நாட்களைக் கடத்தக் காரணமே இல்லை.

முகவர் இரண்டாம் தவணைப் பணத்துக்காகக் காத்திருந்ததால் இருபத்தொன்பதாம் நாளில் விண்ணப்பம் போன ஒருவருடைய கோப்பு என் கைக்கு வந்திருக்கிறது. அவருடைய முதுகிலிருந்த தழும்புகளைப் பற்றித் தீர்ப்பாயம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியவில்லை. விசாரணைக்காக மக்களை ஆண்டுக்கணக்கில் காக்கவைக்கும் இந்த அமைப்பு, அந்த மனிதருக்கு ஒரு நாள் பொறுக்க மறுத்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

“புதிய விபரங்கள்” என்ற பேச்சு இதைவிட ஆபத்தானது. தீர்ப்பாயம் உங்கள் வழக்கைப் புதிதாகவே ஆராயும்; ஆனால் முதல் விண்ணப்பமும் நேர்காணல் பதிவும் அதன் மேசையில் இருக்கும். முன்பு சொல்லாததை நியாயமான காரணமின்றி இப்போது சொன்னால், அதை உங்கள் நம்பகத்தன்மைக்கு எதிராகக் கொள்ளும்படி சட்டமே பணிக்கிறது.

உண்மையிலேயே சொல்ல முடியாமற் போனவர்களின் நிலை வேறு. தடுப்புக்காவலில் பாலியல் வதைக்கு உள்ளான பெண், தன் ஊரைச் சேர்ந்த ஆண் உரைபெயர்ப்பாளரின் முன்னால் வாய் திறக்காதிருந்தது நியாயமான காரணம்தான். ஆண்களும் இதே வதையை மறைத்து வந்திருக்கிறார்கள். முகவர் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டாமலே கையொப்பம் வாங்கியிருந்தால் அதையும் சொல்லலாம். இப்படியானவர்கள் விசாரணை நாள்வரை காத்திராமல், நடந்தது என்ன, அப்போது ஏன் சொல்லவில்லை என்ற இரண்டையும் சத்தியக்கூற்றாக முன்னதாகவே அனுப்ப வேண்டும். உளவள ஆலோசகரின் கடிதம் அந்த மௌனத்துக்கான காரணத்தையும் விளக்கினால் பெரிதும் உதவும். விசாரணை தனிப்பட்ட முறையில் நடக்கும், உரைபெயர்ப்பாளர் இலவசம், பெண் உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

தோற்றால் புதிதாக இன்னொரு பாதுகாப்பு விசா போடலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்டுக்குள் இருந்துகொண்டு மறுபடி விண்ணப்பிக்கச் சட்டம் தடை விதிக்கிறது. உங்கள் முகவரின் ஏழு இலக்கப் பதிவெண்ணை அரசின் பதிவேட்டில் சரிபாருங்கள். அதில் இல்லாத, சட்டத்தரணியும் அல்லாத ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். சிட்னியில் அகதிகளுக்கான இலவசச் சட்ட உதவிக்கு ‘ராக்ஸ்’ (RACS) என்ற அமைப்பு இருக்கிறது.

விண்ணப்பத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையே கொடுங்கள். விண்ணப்பம் கிடைத்ததென்ற தீர்ப்பாயத்தின் பதில் உங்கள் கைபேசிக்கு வந்த பிறகு முகவரை அழைத்து, கோப்பு முழுவதையும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.