மடிக் குழந்தையும் மலிவுக் கட்டணமும்

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற மாதம் பதினான்கு மாதக் குழந்தையுடன் மலிவுக் கட்டண விமானத்தில் திருச்சி போய்வந்தேன். பவர் பேங்க்கில் கைப்பேசியைச் செருகியதுமே பணிப்பெண் கழற்றச் சொல்லிவிட்டார். கைக்குழந்தைக்கும் தனி இருக்கையைக் கட்டாயமாக்க வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். பாதுகாப்பின் பெயரால் சிரமத்தையும் செலவையும் ஏற்றிக்கொண்டே போனால், எங்களைப் போன்றவர்கள் ஊருக்கு எப்படிப் போய்வருவது?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு குறைகளையும் ஒரே தராசில் நிறுக்க என் மனம் ஒப்பவில்லை. பவர் பேங்க் விதியால் நாம் விட்டுக்கொடுப்பது நான்கு மணி நேரக் கைப்பேசி வசதியை மட்டுமே. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவில் புறப்படக் காத்திருந்த ஏர் புசான் விமானத்தில், பைகள் வைக்கும் மேலடுக்கில் பற்றிய தீ கூரையையே எரித்துவிட்டது. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு பழுதானது காரணமாக இருக்கலாம் என்று விசாரணை அதிகாரிகள் தெரிவித்தார்கள். விமானம் தரையில் நின்றதால் 176 பேரும் உயிர் தப்பினார்கள். அதன் பிறகு, ஏப்ரல் 1 முதல், சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் அதன் மலிவுக் கட்டண நிறுவனமான ஸ்கூட்டும் பயணத்தின்போது பவர் பேங்க்கைப் பயன்படுத்தத் தடை விதித்தன. வங்காள விரிகுடாவுக்கு மேலே தீப்பிடித்தால் உடனே இறங்க ஏது இடம்?

குழந்தை இருக்கை விஷயத்தில் உங்கள் கேள்வி நியாயமானது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே 2005இல் அதைக் கட்டாயமாக்குவதில்லை என்று முடிவெடுத்தது. கூடுதல் டிக்கெட் வாங்க இயலாத குடும்பங்கள் காரில் கிளம்பும், வானில் காப்பாற்றும் உயிர்களைவிடச் சாலையில் இழக்கும் உயிர்கள் அதிகமாகும் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் அது நெடுஞ்சாலைகள் உள்ள நாட்டின் கணக்கு. இங்கிருந்து கோலாலம்பூருக்குப் பேருந்தில் போகலாம். திருச்சிக்கு அப்படிப் போக முடியாது; தமிழ்நாட்டுத் துறைமுகங்களுக்கு ரஜூலா, சிதம்பரம் என்ற பயணிகள் கப்பல்கள் ஓடிய காலமும் எப்போதோ முடிந்துவிட்டது. விலை ஏறினால் நீங்கள் வேறு ஆபத்தான வழியில் போகமாட்டீர்கள், போகாமலே இருந்துவிடுவீர்கள். பாட்டி பேரப்பிள்ளையைப் பார்க்க இன்னொரு வருடம் காத்திருப்பார். அதைச் சிறிய இழப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

எனினும் 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த எஸ்கியூ321 விமானம் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியபோது, விமானத்தின் மேல்கீழ் அசைவு விசையில் 0.6 விநாடிக்குள் ஏற்பட்ட மாற்றம் இருக்கை வார் அணியாதவர்களை மேலே தூக்கியெறிந்தது. ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அந்த நேரத்துக்குள் எந்தத் தாயின் கையும் இறுகிவிட முடியாது. ஆகவே தனி இருக்கையே வேண்டாம் என்று சொல்வதைவிட, குழந்தைக்கான இருக்கையை மிகக் குறைந்த விலையில் தரும்படி விமான நிறுவனங்களிடம் கேட்பதே முறை என்று கருதுகிறேன்.

சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, என் பக்கத்தில் இருந்த இளம் தந்தை, இருக்கை வார் விளக்கு அணைந்ததும், தம் வாரோடு கோத்திருந்த குழந்தையின் சிறிய வாரைக் கழற்றிவிட்டு, மகளை மார்பில் சாய்த்துத் தூங்கவைத்தார். குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று தயங்கி, நான் ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் உறுத்துகிறது. அந்த வார் தனி இருக்கைக்கு ஈடாகாது, என்றாலும் திடீர்க் குலுக்கலில் பிள்ளை கையைவிட்டுப் போகாமல் காக்கும், அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை. அடுத்த முறை விளக்கு அணைந்த பிறகும் அதைக் கழற்றாதீர்கள்.