கப்புச்சின் குரங்கும் மரநாயும்: கேள்வி பதில்

கல்லடியிலிருந்து ஓர் உயர்தர மாணவி: ஐயா, கப்புச்சின் குரங்கும் நமது மரநாயும் எடையில் ஏறக்குறைய ஒத்தவை, இரண்டும் மரமேறிப் பழம் தின்கின்றன. பிறகு ஏன் உயிரின வகைப்பாட்டில் வெவ்வேறு வருணங்களில் (பெரும்பிரிவுகளில்) வைக்கிறார்கள்?

பதில்: மகள், வருணத்தைத் தீர்மானிப்பது வம்சாவளி, உணவு அன்று. மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் கப்புச்சின், குரங்குகளும் மனிதரும் அடங்கும் பிரைமேட்டா வருணத்தைச் சேர்ந்தது. அதன் விரல்களில் நகங்கள் உண்டு; கண்கள் முன்னோக்கியவை; பற்கள் 36. நமது செங்குரங்குக்கோ நம்மைப் போல 32 பற்களே உள்ளன. கப்புச்சினைப் போல வாலைக் கிளையில் சுற்றிப் பிடிக்கவும் அதனால் இயலாது. 40 பற்களுடைய மரநாய், பாலைப்பழக் காலத்தில் மதில்மேல் விதை விதையாக எச்சமிட்டுப் போனாலும், ஊனுண்ணிகளின் வருணத்தில் பிறந்த விலங்குதான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்: மரநாய் என்கிறோம், அதன் உறவினத்தைப் புனுகுப்பூனை என்கிறோம். இவை நாயா, பூனையா?

பதில்: இரண்டுமல்ல. இவை விவெரிடே என்னும் தனிக் குடும்பம். உறவு முறையில் நாயைவிடப் பூனைக்கே நெருக்கமானவை.

ஏறாவூரிலிருந்து ஒருவர்: கப்புச்சினின் புத்தியைப் பலரும் புகழ்கிறார்கள். மரநாய் மந்தமானதா?

பதில்: மரமுந்திரிகைக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும் என்பது உங்கள் ஊரில் எல்லோரும் அறிந்ததே. அந்தக் கொட்டையை, பிரேசிலின் செர்ரா டா கப்பிவாரா பகுதியிலுள்ள தாடிக் கப்புச்சின்கள் கல்லின்மேல் வைத்து, இன்னொரு கல்லால் அடித்துடைத்துப் பருப்பை உண்கின்றன; அங்கே கப்புச்சின்கள் கல்லைக் கருவியாகக் கொள்ளும் பழக்கம் ஏறத்தாழ 3000 ஆண்டுகள் தொடர்ந்திருப்பதை மண்ணுக்குள் கிடைத்த கற்கள் காட்டியுள்ளன. பகலில் கூட்டமாக வாழ்வதால், குட்டிகள் பெரியவற்றின் அருகிலிருந்து பார்த்துப் பழக முடிகிறது. மரநாயோ இரவில் தனியே திரிந்து, வாலடிச் சுரப்பியின் மணத்தைக் கிளையில் தேய்த்து, தன் இனத்துக்குச் செய்தி விட்டுச் செல்கிறது. கையால் வாழும் விலங்கின் அளவுகோலைக் கொண்டு மூக்கால் வாழும் விலங்கை அளப்பது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

வாழைச்சேனையிலிருந்து ஒருவர்: எங்கள் சீலிங்குக்குள் மரநாய் குடியிருக்கிறது. நஞ்சு வைக்கலாமா?

பதில்: தயவுசெய்து வைக்க வேண்டாம். கப்புச்சின் பெரும்பாலும் ஒரு குட்டியையே ஈனும். மரநாய் இரண்டு முதல் ஐந்து வரை ஈனும். கீச்சுக் குரல் கேட்டால், குட்டிகள் வளர்ந்து தாயுடன் வெளியேறும்வரை பொறுத்திருங்கள். பின்பு, எல்லாம் இரைதேடப் போன ஓர் இரவில், ஓட்டு இடுக்கைக் கம்பிவலையால் அடைத்துவிடுங்கள். கூரைமேல் சாயும் மாங்கிளையையும் வெட்டிவிடுங்கள்.