பண்டிகை விடுமுறையை அரசு ரத்து செய்துவிட்டதாக வரும் செய்தியை எப்படிச் சரிபார்ப்பது?

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். பல புரளிகள் அங்கேயே அடங்கிவிடும். இஸ்லாமிய ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ரம்ஜான் பண்டிகை ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகர்கிறது. ஈஸ்டர் எப்போதும் ஞாயிறுதான், ஆனால் மேற்கத்தியத் திருச்சபைகளில் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். வார விடுமுறையில் விழும் பண்டிகையைச் சில அலுவலகப் பட்டியல்களில் தனியாகப் போடமாட்டார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, 'வேண்டுமென்றே நீக்கிவிட்டார்கள்' என்று கிளப்பிவிடுவது சுலபம்.

அடுத்து, மூல ஆணையைத் தேடுங்கள். எண், தேதி, பிறப்பித்த துறை மூன்றும் இல்லாத 'ஆணை'யை நம்ப வேண்டாம். கிடைத்தால், யாருக்குப் பொருந்தும் என்ற பத்தியைக் கட்டாயம் படியுங்கள். பள்ளிக்கு மட்டுமா, வங்கிக்கு மட்டுமா? பொது விடுமுறை விருப்ப விடுமுறையாக (பட்டியலிலிருந்து ஊழியரே சிலவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து எடுப்பது) மாறியிருந்தால் அது ரத்து அல்ல. ஆனாலும் ஊழியருக்கு இழப்புதான், அதைப் பற்றிக் கோபப்பட நியாயம் உண்டு. மசோதா என்றால் இன்னும் சட்டமே ஆகவில்லை.

வீடியோவாக வந்தால், நாலைந்து இடங்களில் நிறுத்திப் படமெடுத்து, படத்தேடலில் போடுங்கள். பழைய ஊர்வலக் காட்சிக்குப் புதுத் தலைப்பு ஒட்டுவது வாடிக்கை. உங்களுக்குப் பிடிக்காத கட்சியைத் திட்டும் செய்தியா? அப்படியானால் இன்னொரு முறை தேடுங்கள், அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். தவறாகப் பகிர்ந்துவிட்டால் அழிப்பதோடு விடாமல், அதே குழுவில் திருத்தத்தையும் போடுங்கள்.