விட்டுப்போன ஒரு புள்ளி

வாசகர் கேள்விகளுக்கு வெள்ளவத்தையில் கடைப்பலகை எழுதி ஓய்ந்த ஓர் ஓவியர் பதில் சொல்கிறார்

*கணக்காளர் வேலை செய்கிறேன். பறவைகள் வரைவதில்தான் மனம். வேலையை விட்டுவிடலாமா? இதைச் சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு கதைப்பதில்லை.*
*– வாசகி, கொட்டாஞ்சேனை*

முதலில் அப்பாவோடு கதையுங்கள், தங்கச்சி. வேலையை அடுத்த மாதமும் விடலாம்.

கலா பொலவுக்குப் போயிருப்பீர்கள். 1993இல் தொடங்கிய அந்தத் தெருவோர ஓவியச் சந்தை நடக்கும் வீதிக்குக் கலை அறிஞர் ஆனந்த குமாரசாமியின் பெயர். 1877இல் கொழும்பில் பிறந்தவர். லண்டனில் படித்ததில் ஒன்று, கல்லையும் பாறையையும் ஆராயும் நிலவியல். இங்கே கனிப்பொருள் அளவைக்குத் தலைவராக இருந்து, தோரியனைற் என்ற கனிமத்தை அடையாளம் கண்டார். கல் தேடி ஊர் ஊராகப் போன இடத்தில்தான் கிராமத்துக் கைவினைஞர்களின் வேலை அவர் கண்ணில் பட்டது. சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908இல் வந்தது. நல்லவேளை, அந்த மனிதருக்கு ஓர் அரசாங்க உத்தியோகம் இருந்தது என்று நான் நினைப்பதுண்டு.

நல்ல நீர்வண்ணத் தாள் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். இப்போதைக்கு அதைச் சம்பளம் வாங்கித் தரட்டும். படம் விற்று ஆறு மாதச் சாப்பாட்டுக் காசு சேர்ந்தால் மறுபடி எழுதுங்கள். அப்போது வேறு பதில் சொல்வேன்.

*கொழும்பில் இயற்கை எங்கே இருக்கிறது? எல்லாம் கொங்கிறீற்றுத்தானே!*
*– வாசகர், தெஹிவளை*

2018இல் கொழும்பை, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அறிவித்தார்கள். அது கிடக்கட்டும். பேரை வாவிக் கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். கூழைக்கடா மரத்தில் இருக்கும்போது பழைய கோணிச் சாக்கு மாதிரி இருக்கும். பறக்கத் தொடங்கினால் பக்கத்தில் வரும் பஸ்ஸைக்கூட மறந்துவிடுவீர்கள். கவனம், மறக்க வேண்டாம்.

*சாதாரண சனங்களுக்குக் கலை புரியுமா?*
*– வாசகர், வத்தளை*

ஒருமுறை மருந்துக்கடை ஒன்றுக்குப் பலகை எழுதினேன். நூலில் சோக்குத்தூள் தடவிக் கோடு அடித்து, மூன்று மொழியும் எழுதினேன். சிங்கள எழுத்து தூரிகையோடு வளைந்து போகும். நம்முடைய ‘க’, ‘ட’ எல்லாம் மூலைக்கு மூலை நின்று போகச் சொல்லும். எனக்கே பிடித்துப்போன பலகை. முதலாளியும் காசைத் தந்துவிட்டார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அதே கடையில் இருமல் மருந்து வாங்க நிற்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளையொன்று, தாயின் கையைப் பிடித்தபடி மேலே பார்த்துச் சத்தமாக வாசித்தது: “ம... ரு... ந்... து... க... கடை. அம்மா, ஏன் ரெண்டு ‘க’?”

புள்ளியை விட்டிருக்கிறேன்! இரண்டு வருடமாக நானும் பார்க்கவில்லை, முதலாளியும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் ஏணியோடு போய்ப் புள்ளியை வைத்தேன். கடற்காற்றிலும் வெயிலிலும் மற்ற எழுத்தெல்லாம் மங்கியிருந்தது. அந்தப் புள்ளி மட்டும் காலி வீதியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது.